ஆங்கிலம் பேசும் சீன வீட்டில் மாண்டரினை ஊன்றுவது எப்படி?

அடையாள அட்டையில் டான் என்று இருக்கும். பள்ளியில் சீன ஆசிரியர் அதே பிள்ளையை ச்சென் என்று அழைப்பார். பாட்டி ஹொக்கியன் என்ற வட்டார மொழியில் கூப்பிடுவார், அம்மா ஆங்கிலத்தில் அதட்டுவார். அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு, சீனர்களின் பொதுமொழியான மாண்டரின் ஆசிரியருடைய மொழி. வீட்டில் அது யாருடைய மொழியும் இல்லை.

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலமே என்று சொன்ன சீனர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.6 விழுக்காடு, 2020இல் 47.6 விழுக்காடு. அதே பத்தாண்டில் மாண்டரின் 47.7இலிருந்து 40.2க்கு இறங்கியது. ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் முதலிய வட்டார மொழிகள் 19.2இலிருந்து 11.8க்கு வந்துவிட்டன.

இந்த வழிகாட்டி அந்த வீடுகளைப் பற்றியது. சீனக் குடும்பத்தில் சம்பந்தம் செய்த தமிழர்கள், சீனப் பிள்ளைகளை வளர்ப்பதில் பங்குள்ளவர்கள் ஆகியோருக்கு இது நேரடியாகவே உதவும். சில இடங்களில் தமிழ் தெரிந்திருப்பது கூடுதல் வசதி. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காரணம் தெளிவாக இல்லாத வீட்டில் மூன்றாம் மாதமே முயற்சி படுத்துவிடும். "நாம் சீனர், அதனால் சீனம் தெரிய வேண்டும்" என்ற வாதம் பிள்ளையிடம் எடுபடாது. அது முழு உண்மையும் இல்லை. பெரும்பாலான சிங்கப்பூர்ச் சீனப் பாட்டிகளுக்கு மாண்டரின் தாய்மொழியே அல்ல. 1979 செப்டம்பரில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ தொடங்கிவைத்த மாண்டரின் பேசுவோம் இயக்கம்தான் அதை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. வட்டார மொழிகளைக் குறையுங்கள், மாண்டரினைக் கூட்டுங்கள் என்பது அன்றைய முழக்கம். 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதல் மொழியானது. ஒரே தலைமுறைக்குள் இரண்டு மாற்றங்கள். பாட்டியின் மொழிக்கும் பேத்தியின் மொழிக்கும் நடுவில் விழுந்த பள்ளத்துக்கு இதுதான் காரணம், பிள்ளையின் சோம்பல் அல்ல.

வேலை, சட்டம், உயர்கல்வி எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் ஊரில் ஆங்கிலத்தோடு மாண்டரினைப் போட்டியிட வைப்பது வீண். மாண்டரினுக்கு வேறு வேலைகள் உண்டு. மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் பெரியவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பது ஒன்று. சீனா, தைவான், மலேசிய வாடிக்கையாளரிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசுவது இன்னொன்று. தன் பெயரை எழுதவும் அதன் பொருளைச் சொல்லவும் தெரிவது வேறொன்று. இவற்றில் உங்கள் வீட்டுக்கு எது முதன்மை என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பேச்சு வேண்டும் என்பவர் எழுத்தில் நேரத்தைக் கொட்டக்கூடாது. தேர்வு வேண்டும் என்பவர் கார்ட்டூனை மட்டும் நம்பக்கூடாது.

அவமானத்தை மட்டும் காரணமாக்காதீர்கள். "சீன முகத்தை வைத்துக்கொண்டு சீனம் பேசத் தெரியவில்லையா?" என்ற கேள்வியை இந்தப் பிள்ளைகள் டாக்சியிலும் கடையிலும் போதுமான அளவு கேட்கிறார்கள். வீட்டிலும் அதையே கேட்டால் வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

ஒரு வாரக் கணக்கு

துணைப்பாட வகுப்பைத் தேடுவதற்கு முன் ஏழு நாளைக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: யார், யாரிடம், எந்த மொழியில், எத்தனை நிமிடம். நிமிடக் கணக்கு துல்லியமாக வேண்டியதில்லை. மாண்டரினில் என்ன பேசினீர்கள் என்பதை மட்டும் தவறாமல் எழுதுங்கள்.

பல வீடுகளில் இந்த நோட்டு ஒரே கதையைச் சொல்லும். "வீட்டுப்பாடம் முடித்தாயா?", "சீக்கிரம் எழுது", "இது ஏன் தப்பு?" சிரிப்பு, சாப்பாடு, ஊர்வம்பு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், அதட்டல் மட்டும் மாண்டரினில். அப்படி இருந்தால் முதல் மாதத்தில் செய்ய வேண்டியது இடம் மாற்றுவதுதான். வீட்டுப்பாட அதட்டலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள், இரவுச் சாப்பாட்டை மாண்டரினுக்குக் கொண்டுவாருங்கள்.

அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி என்று பிரித்துக்கொள்ளும் முறை இங்கே பெரும்பாலும் தோற்கும். அதற்கு ஒருவராவது நாள் முழுக்க மாண்டரினில் தாக்குப்பிடிக்க வேண்டும். தாங்களே ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த பெற்றோர் இரண்டாம் நாள் சொல் கிடைக்காமல் ஆங்கிலத்துக்குத் திரும்புவார்கள், பிள்ளை அதைக் கவனித்துவிடும். ஆளை வைத்துப் பிரிக்காமல் நேரத்தையும் இடத்தையும் வைத்துப் பிரியுங்கள். சாப்பாட்டு மேசையில் 20 நிமிடம், எம்ஆர்டி ரயிலில் பள்ளிக்குப் போகும்போது 15 நிமிடம். சனிக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது நன்றாகப் பலிக்கும்.

மேசையில் பேசச் சொல் இல்லையா? சமையலறையிலிருந்து தொடங்குங்கள். சோறு, சூப், மீன், இன்னும் கொஞ்சம், போதும், சுடுகிறது, காரம், யாருக்கு வேண்டும். இப்படி முப்பது சொற்கள் போதும், ஒரு மாதம் ஓடும். பாட்டி உடன் இருந்தால் அவரை மாண்டரினுக்கு இழுக்காதீர்கள். அவர் ஹொக்கியனிலேயே பேசட்டும். ஹொக்கியனும் மாண்டரினும் சொற்களில் நெருங்கிய உறவுடையவை. பாட்டியிடம் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு மாண்டரின் சொல் பாதி தெரிந்த முகம்போலத்தான் வரும்.

பாடப்புத்தகத்துக்கு முன் பெயர்

முதல் பாடம் பிள்ளையின் சொந்தப் பெயராக இருக்கட்டும். அடையாள அட்டைகளில் உள்ள குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் வட்டார மொழி ஒலிப்பில் எழுதப்பட்டவை. ஹொக்கியன் வீட்டு டான் மாண்டரினில் ச்சென். லிம் என்பது லின். ஓங் என்பது வாங். தியோ என்பது ஜாங். இங் என்ற பெயரில் கவனம் வேண்டும். ஹொக்கியன், தியோச்சியூ வீட்டில் அது ஹுவாங், கான்டனீஸ் வீட்டில் வூ. ஊகிக்காமல் அட்டையில் உள்ள சீன எழுத்தைப் பார்த்தே சொல்லிக்கொடுங்கள்.

அடுத்து, அந்தப் பெயரை வாயால் எழுதிக்காட்டும் சீன வழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். ஒரே ஒலியில் பல குடும்பப்பெயர்கள் இருப்பதால் சீனர்கள் எழுத்தின் உறுப்புகளைச் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். "காதும் கிழக்கும் சேர்ந்த ச்சென்", "இரட்டை மரத்து லின்", "வில்லும் நீளமும் சேர்ந்த ஜாங்", "மரமும் பிள்ளையும் சேர்ந்த லீ". மரம் என்ற எழுத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் லின், அதாவது காடு. ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட இது விளையாட்டாகத் தோன்றும். எழுத்து என்பது கிறுக்கல் இல்லை, உறுப்பு உறுப்பாகக் கோத்தது என்று இங்கேயே புரிந்துவிட்டால் பின்னால் பாதி அழுகை குறையும்.

ஒலி

மாண்டரின் ஒலிப்பைக் காட்டும் பின்யின் ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வசதியும் வம்பும் அதுதான். ஆங்கிலத்தின் சி எழுத்தைப் பார்த்ததும் பிள்ளை க என்று படிக்கும். பின்யினில் அது காற்றோடு சேர்ந்த ட்ஸ. எக்ஸ் எழுத்து பின்யினில் க்ஸ அல்ல, நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்கு அருகே கொண்டுபோய்ச் சொல்லும் மெல்லிய ஷி. கியூ எழுத்து அதே இடத்தில் காற்றோடு வரும் ச்சி. இந்த மூன்றையும் தனி அட்டையில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகள் நிலைக்கும் முன்னே, நான்கு வயதில், பின்யின் சொல்லிக்கொடுப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. இரண்டும் குழம்பும். தொடக்கநிலை ஒன்றில் பள்ளியே கற்றுக்கொடுக்கும். அதுவரை காது பழகினால் போதும்.

அடுத்தது காற்று. பால் என்று தமிழில் சொல்லும்போது உதட்டுக்கு முன் ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள், தாள் அசையாது. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்துக்குப் பின்யினில் அந்த ஒலிதான். பதினாறாம் எழுத்துக்குத் தாள் படபடவென்று அடிக்க வேண்டும். க, த வரிசைகளிலும் இதே சோடி வரும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைக் குரல்நாண் அதிர்வை வைத்துக் காட்டுவார்கள், மாண்டரினில் காற்றை வைத்து. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் வல்லினம் மாண்டரினின் காற்றில்லாத ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. தமிழ் அம்மாவும் சீன அப்பாவும் இருக்கும் வீட்டில் இந்த ஒரு பாடத்தைத் தமிழ் தெரிந்தவரே எடுக்கலாம்.

சிங்கப்பூர்ப் பேச்சில் நாக்கை மடக்கிச் சொல்லும் ஷ, ஜ, ச்ச ஒலிகள் தட்டையாகி ஸ, ட்ஸ என்று ஆகிவிடும். சொல்லின் இறுதியில் ன், ங் வேறுபாடும் மங்கும். ஈரச்சந்தையில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பள்ளி வாய்மொழித் தேர்வில் உரக்க வாசிக்கும்போது கண்டுகொள்வார்கள். வீட்டுப் பேச்சில் திருத்தாதீர்கள், வாசிக்கும்போது மட்டும் திருத்துங்கள்.

மாண்டரினில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும், அதுதான் தொனி. தொனிகள் நான்கு, இங்கே எண்ணால் குறித்திருக்கிறோம். மெலிந்து போகும் ஐந்தாவது ஒன்றும் உண்டு. மா1 அம்மா, மா2 சணல், மா3 குதிரை, மா4 திட்டுவது. இந்த நான்கையும் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை வாக்கியத்தில் போட்டதும் தொலைத்துவிடும். ஒற்றைச் சொல்லாகப் பழகுவதால் வரும் வினை அது. இரட்டையாகப் பழகுங்கள். நான்கு தொனியை நான்கோடு சேர்த்தால் பதினாறு, மெலிந்ததையும் பின்னால் சேர்த்தால் இருபது. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைக்குத் தெரிந்த ஈரசைச் சொல் ஒன்றைப் பிடியுங்கள். நாளுக்கு ஐந்து, வாய்விட்டு. ஷுவெய்3ஜியாவ்3 என்றால் வேகவைத்த கொழுக்கட்டை. ஷுவெய்4ஜியாவ்4 என்றால் தூங்குவது. "எனக்குத் தூக்கம் வேண்டும்" என்று கடைக்காரரிடம் சொன்னால் சிரித்துக்கொண்டே கொழுக்கட்டையைத்தான் கொடுப்பார், ஆனால் மாய்3, மாய்4 இரண்டையும் மாற்றிச் சொன்னால் வாங்குவது விற்பதாகிவிடும், அங்கே சூழ்நிலை எப்போதும் காப்பாற்றாது.

மூன்றாம் தொனி பற்றிப் பாடப்புத்தகப் படம் பிள்ளைகளைத் தவறாக வழிநடத்துகிறது. இறங்கி ஏறும் வளைவாக வரைந்திருப்பார்கள். அந்த முழு வளைவு தனியாகச் சொல்லும்போதும் நிறுத்தத்துக்கு முன்னும்தான் வரும். மற்ற இடங்களில் அது வெறும் தாழ்ந்த குரல். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறும். நீ3 ஹாவ்3 என்று எழுதி நீ2 ஹாவ்3 என்று சொல்வது அதனால்தான். இல்லை என்ற பொருள் தரும் பூ4, இன்னொரு நான்காம் தொனிக்கு முன் பூ2 ஆகிவிடும்.

ஆங்கிலம் பேசுபவர்களிடம் அடிக்கடி வரும் ஒரு கோளாறு, கேள்வி கேட்கும்போது கடைசிச் சொல்லைத் தூக்குவது. ஆங்கிலத்தில் அது இயல்பு. மாண்டரினில் கடைசிச் சொல்லுக்குச் சொந்தத் தொனி இருக்கிறது, தூக்கினால் அது சிதையும். கேள்விக்கு மா என்ற ஒட்டு தனியாக இருக்கிறது. தமிழில் "வருகிறாயா" என்பதன் கடைசி ஆ செய்யும் வேலையை அது செய்கிறது.

வாக்கியத்தில் ஆங்கிலம் எங்கே நுழைகிறது

ஆங்கில வரிசையிலேயே யோசித்து மாண்டரின் சொற்களைப் போடும் பழக்கம் உயர்நிலைப் பள்ளிவரை தொடரும். திருத்தும்போது இலக்கண விதி சொல்லாதீர்கள், சரியான வரிசையில் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். எங்கே தவறுவார்கள் என்று தெரிந்து வைத்திருந்தால் காது தானாக விழித்துக்கொள்ளும்.

காலமும் இடமும் வினைக்கு முன்னால் வர வேண்டும். "நான் 12 மணிக்குப் பள்ளியில் மதிய உணவு சாப்பிடுகிறேன்" என்பதில் நான், 12 மணி, பள்ளி என்ற வரிசை மாண்டரினுக்கு அப்படியே பொருந்தும். உணவு மட்டும் ஆங்கிலம்போல வினைக்குப் பின்னால் போகும். ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளை "பள்ளியில்" என்பதைக் கடைசியில் கொண்டுபோய் ஒட்டும்.

"நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைத் தமிழ்போலவே மாண்டரினும் நேற்று, வாங்கு, தெ, புத்தகம் என்றுதான் கட்டும். தெ என்ற ஒட்டு நமது பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்து விளக்கம் பின்னால் வரும். கட்டுரையில் நீண்ட வாக்கியம் எழுதத் தொடங்கியதும் பிள்ளைகள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆம், இல்லை என்று பதில் சொல்லப் பழகியவர்கள் எல்லாக் கேள்விக்கும் ஷி4 என்று தலையாட்டுவார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "சாப்பிட்டாச்சு" என்று வினையைத் திருப்பிச் சொல்வதுதான் மாண்டரின் முறையும்.

பொருளை எண்ணும்போது எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் வருவது அளவைச் சொல். எல்லாவற்றுக்கும் ஒரே அளவைச் சொல், கெ, போடுவது இன்னொரு பழக்கம். புத்தகத்துக்கு பென், தாள்போலத் தட்டையானதற்கு ஜாங், மீன்போல நீண்டதற்கு தியாவ், வண்டிக்கு லியாங். பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காமல், பொருளைக் கையில் கொடுக்கும்போதே அளவையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹொக்கியன், கான்டனீஸ் வழியாக நுழைந்த பழக்கங்கள் வேறு. "நான் முதலில் போகிறேன்" என்பதை "நான் போகிறேன் முதலில்" என்பார்கள். திங்கட்கிழமைக்கு ஸிங்ச்சி1யி1 என்னாமல் பாய்4யி1 என்பார்கள். இவை உள்ளூர்ப் பேச்சு, வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்வுத்தாளில் மட்டும் எழுதாமல் இருந்தால் போதும். டாக்சிக்குச் சிங்கப்பூரில் தெஷி, சீனாவில் ச்சுஸுச்செ. சீனக் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளை இரண்டாவதைச் சொன்னால் திருத்த வேண்டாம், இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும்.

எண்களும் உறவுகளும்

சரளமாகப் பேசுபவர்களும் எண்ணில் மாட்டுவார்கள். ஆங்கிலம் ஆயிரம் ஆயிரமாக ஏறும், மாண்டரின் பத்தாயிரத்தில் ஏறும். பத்தாயிரம் ஒரு வான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் விலை 5,00,000 வெள்ளி என்றால் ஐம்பது வான். ஆங்கிலத்தில் எண்ணும் பிள்ளை "ஐந்நூறு ஆயிரம்" என்று மாண்டரினில் சொல்லும், கேட்பவர் விழிப்பார். லட்சத்தில் எண்ணிப் பழகியவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை: ஒரு லட்சம் பத்து வான், பத்து லட்சம் நூறு வான். பத்துக் கோடிக்கு யி4 என்று தனிச்சொல் இருக்கிறது. பழக்கம் வர நாளிதழின் வீட்டு விலைப் பக்கத்தை எடுத்து, ஐந்து விலைகளைப் பத்து விநாடிக்குள் சொல்லச் சொல்லுங்கள்.

உறவுச் சொற்களை ஆங்கிலம் அங்கிள், ஆன்ட்டி என்று தட்டையாக்கிவிடுகிறது. மாண்டரினில் அப்பாவின் அண்ணன் போபோ, தம்பி ஷுஷு, அம்மாவின் சகோதரர் ஜியுஜியு, அப்பாவின் சகோதரி குகு. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தில் பெரியவர்களை முறைசொல்லி அழைத்த பிறகே சாப்பிடத் தொடங்குவார்கள். ஆறு வாரம் முன்பே குடும்பப் படங்களைக் கைப்பேசியில் சேர்த்து, படத்தைப் பார்த்து முறைசொல்லப் பழக்குங்கள். வீட்டில் பாட்டியை அ மா, தாத்தாவை அ கோங் என்று ஹொக்கியனில் அழைப்பது வழக்கம் என்றால் அப்படியே இருக்கட்டும். பாட்டியைப் பாடப்புத்தகச் சொல்லுக்கு மாற்றுவது அவரை வேற்றாள் ஆக்குவது.

எழுத்தும் டிங்சியேயும்

ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் வாரத் தேர்வு டிங்சியே. பத்தியையே மனப்பாடமாக எழுதுவது மோசியே. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை இந்த முறையில் அழுத்தியதும், ஆங்கிலத்தைத் தொடாமல் சீனம் கற்பித்ததும் தவறு என்று 2009இல் லீ குவான் யூவே வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் டிங்சியே போகவில்லை, வியாழன் இரவு அழுகையும் போகவில்லை. அந்த அழுகைக்குக் காரணம் வேலை முழுவதையும் ஒரே இரவில் செய்வது. ஐந்து நாளாகப் பிரியுங்கள்.

முதல் நாள் எழுதவே வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்தில் வைத்துப் பேசுங்கள், பொருளை ஆங்கிலத்தில் சொன்னாலும் குற்றமில்லை. இரண்டாம் நாள் உறுப்புகளாகப் பிரியுங்கள். மூன்றாம் நாள் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுதட்டும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோடு முதலில், சுற்றுச்சுவரை மூடும் கோடு கடைசியில். நான்காம் நாள் மூடிவைத்து ஒரு முறை. ஐந்தாம் நாள் தவறியவை மட்டும். இருபது முறை எழுத வைப்பதால் பயன் இல்லை. ஐந்தாவது முறைக்குப் பிறகு கை மட்டும்தான் எழுதும். சில பிள்ளைகள் ஒரே கோட்டை வரிசையாக இருபது கட்டத்திலும் போட்டு, பிறகு அடுத்த கோட்டைப் போட்டு முடித்துவிடுவார்கள். நோட்டு நிறைந்திருக்கும், எழுத்து ஒன்றும் நினைவிருக்காது.

இரண்டாம் நாள் வேலைக்கு ஒரு மாதிரி. ச்சிங் என்று ஒலிக்கும், பச்சையைக் குறிக்கும் எழுத்து ஒன்று உண்டு. அதன் இடப்பக்கம் மூன்று நீர்த்துளி வைத்தால் தெளிவு. இதய உறுப்பு வைத்தால் உணர்வு. பேச்சு உறுப்பு வைத்தால் தயவுசெய்து. சூரியனை வைத்தால் வெளிவாங்கிய வானம். நான்கும் ச்சிங்தான், தொனிகள்தான் மாறும். கண்ணை வைத்தால் கண்மணி, ஒலி சற்று மாறி ஜிங் ஆகும். சூரியனுக்கு உள்ளே ஒரு கோடு, கண்ணுக்கு உள்ளே இரண்டு. டிங்சியேயில் பிள்ளைகள் கண்ணில் சூரியனையும் வானத்தில் கண்ணையும் வைப்பது அந்த ஒரு கோட்டால்தான். "வானத்தில் சூரியன் இருக்கும், கண் இருக்காது" என்று ஒரு முறை சிரித்தால் மறக்காது. பெரும்பாலான சீன எழுத்துகள் இப்படிப் பொருள் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் என்று அமைந்தவை.

வாசிப்புக்கு நூலகப் படக்கதைகள் வாரம் இரண்டு போதும். எழுத்துக்கு மேல் பின்யின் அச்சிட்ட நூல்களை இரண்டாம் வகுப்போடு நிறுத்துங்கள். பின்யின் இருக்கும்வரை கண் எழுத்துக்கு இறங்காது. ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேல் தெரியாத எழுத்து வந்தால் அந்த நூலை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். தொலைக்காட்சியில் ஆங்கில வசனவரியை அணைத்துச் சீன வசனவரியைப் போடுங்கள். ஆங்கில வரி ஓடினால் காது வேலையை விட்டுவிடும்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் கணக்கு

பிஎஸ்எல்இ சீனத் தேர்வின் 200 மதிப்பெண்ணில் கட்டுரை 40, மொழிப்பயன்பாடும் கருத்தறிதலும் 90, வாய்மொழி 50, கேட்டல் 20. வாய்மொழியில் உரக்க வாசிப்பு 20, காணொளி பார்த்து உரையாடுவது 30. துணைப்பாட நேரம் முழுக்கத் தாளில் போகும் வீடுகள் இந்த 70ஐக் கவனிப்பதில்லை, அவை சாப்பாட்டு மேசையில் சம்பாதிக்க வேண்டிய மதிப்பெண்கள்.

உரையாடலுக்கு வாரம் ஒரு முறை இரண்டு நிமிடக் காணொளி ஏதாவது காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடந்தது, நீ என்ன செய்திருப்பாய், ஏன். மூன்றாவதில்தான் பிள்ளை திணறும். "ஏனென்றால்", "எனக்குத் தோன்றுவது", "அப்படி இல்லாவிட்டால்" ஆகிய மூன்றையும் மாண்டரினில் நாக்கில் ஏற்றிவிட்டால் நிற்காமல் பேசும்.

பெரியவர்கள் திரும்பத் தொடங்கும்போது

பள்ளியோடு மாண்டரினை மறந்த முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் தொடக்கநிலை வகுப்பில் சேருவதுதான் பெரிய தவறு. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிச் சலித்து நான்காம் வாரம் நின்றுவிடுவார்கள். அவர்களுக்குக் காது இருக்கிறது. மாண்டரின் தொலைக்காட்சியான சேனல் 8இன் நாடகம் ஓரளவு புரியும். இல்லாதது தொழில்சொற்களும் வாய்ப்பழக்கமும். கேபிடல் 958 மாண்டரின் வானொலிச் செய்தியை ஐந்து நிமிடம் பதிவுசெய்து, வாசிப்பவரின் பின்னாலேயே அரைச் சொல் தள்ளி ஒட்டிப் பேசுங்கள். லியன்ஹ சாவ்பாவ் சீன நாளிதழில் நாளுக்கு ஒரே ஒரு தலைப்பை முழுதாகப் படியுங்கள். ஒப்பந்தம், வட்டி, காப்புறுதி என்று உங்கள் வேலையில் நாளும் வரும் 50 சொற்களை முதலில் பிடியுங்கள்.

குடும்ப அரட்டைக் குழுவில் பின்யின் வழியாகத் தட்டச்சு செய்வது நல்ல பயிற்சி. ஆனால் கைப்பேசி காட்டும் முதல் எழுத்தைத் தட்டிவிடாதீர்கள். ஸாய்4 என்றால் "இருக்கிறது", "மறுபடி" இரண்டும் வரும். தட்டச்சால் மட்டும் கற்றவர்களுக்குப் பேனா எடுத்ததும் எழுத்து மறந்துபோகும். சீனாவிலும் அதே நிலைதான், அதற்கென்று நாலெழுத்துத் தொடரே வைத்திருக்கிறார்கள். எழுதுவது உங்கள் நோக்கத்தில் இல்லை என்றால் கவலைப்படாமல் விட்டுவிடுங்கள்.

மலேசியாவில் கதை தலைகீழ். சீனப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளைக்கு மாண்டரின் ஊறியிருக்கும், ஆங்கிலம்தான் பின்தங்கும். அங்கே சாப்பாட்டு மேசையை ஆங்கிலத்துக்குக் கொடுக்கலாம். முறை அதேதான், மொழிகள் இடம் மாறிக்கொள்ளும். இன்றைக்கு அந்தப் பள்ளிகளில் தமிழ், மலாய்ப் பிள்ளைகளும் உட்கார்ந்து டிங்சியே எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்தில் பதில் வந்தால்

வரும், முதல் ஆறு மாதம் பெரும்பாலும் அப்படித்தான் வரும். நீங்கள் மாண்டரினில் கேட்பீர்கள், பிள்ளை ஆங்கிலத்தில் "தண்ணீர் வேண்டும்" என்று சொல்லும். "சீனத்தில் சொல், அப்போதுதான் தருவேன்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தாகத்தைப் பாடமாக்கினால் வெறுப்புத்தான் மிஞ்சும். அதே சொல்லை மாண்டரினில் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்: "தண்ணீர் வேண்டுமா? சூடாகவா, குளிர்ந்ததா?" கேள்வியில் இரண்டு விடையும் மாண்டரினில் இருக்கின்றன. பிள்ளை எடுத்துக்கொள்ள ஒரு சொல் போதும்.

எப்போதோ ஒரு நாள், நீங்கள் எதிர்பார்க்காதபோது, பிங்1 தெ என்று பதில் வரும், குளிர்ந்ததுதான் வேண்டும் என்று. அப்போது கைதட்டாதீர்கள், பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், காணொளி எடுக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.